தண்ணி நாளும் கிராபிக்ஸ் கார்டும்

மடியில வச்சிருக்கிறது கிராபிக்ஸ் கார்டு டப்பாதானே தம்பி? துணிப்பையில எவ்வளவு சுத்தினாலும் மூலை தெரியுது பாருங்க. பயப்படாதீங்க, பிடுங்கிக்க மாட்டேன். பஸ் பூந்தமல்லி தாண்டிடுச்சு, வாலாஜா வரைக்கும் எனக்கு வேற வேலை இல்லை, அதான் கேட்டேன். ரிச்சி தெருவா? செகண்ட் ஹேண்டா? சரி. போட்டு ஓட்டிக் காட்டினானா? அதுவும் இல்லையா. சரி விடுங்க, வாங்கியாச்சு.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். கையில இருந்த காசுக்கு ஒரே ஒரு சாமான்தான் மாத்த முடியும்னா, ஏன் இதை முதல்ல வாங்கினீங்க? ஏன் ராம் இல்லை, ஏன் ப்ராசசர் இல்லை? "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க." அது ஒரு பதிலா தம்பி? எல்லாரும் சொல்வாங்க. எல்லார் வீட்டுப் பெட்டியும் ஒண்ணா?

தப்பா வாங்கிட்டீங்கன்னு சொல்ல வரலை. நானும் இதைத்தான் வாங்கினேன். யோசிச்சு வாங்கினேன். உங்களை மாதிரி யாரோ சொன்னதைக் கேட்டு இல்லை, நோட்டுப் போட்டு எழுதி, மூணு வாரம் சோதிச்சுப் பார்த்து வாங்கினேன். என் கணக்குல ஒரு தப்பும் இல்லை. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கடைசியில கேக்கிறவங்க எல்லாம் என்னைத்தான் தப்புங்கறாங்க.

பால் குளிரூட்டுற இடத்துல ஆபரேட்டர் வேலை எனக்கு. பத்தொன்பது வருஷமா நைட் ஷிப்ட். சாயங்காலம் அஞ்சரைக்கு சைக்கிளை எடுத்தா, மறுநாள் காலையில ஆறரைக்குத்தான் வீடு. பகல்ல வேலை செய்யறவங்களுக்கு மேலதிகாரி தொல்லை, நமக்கு அது கிடையாது. மீட்டரைப் பார்க்கணும், எழுதணும், மறுபடி பார்க்கணும். நடுவுல நேரம் கிடக்கும். அந்த நேரத்துலதான் கம்ப்யூட்டர் கத்துக்கிட்டேன். யாரும் சொல்லித் தரலை. ஐடிஐ பாதியில விட்டவன் நான். ஆபீஸ்ல தூக்கிப் போட்ட பெட்டியைச் சும்மா கேட்டு வாங்கிட்டு வந்து, பிரிச்சு, மாட்டி, ரெண்டு தடவை புகைய விட்டு, அப்படிக் கத்துக்கிட்டது. எங்க தெருவுல யார் வீட்டு கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. பி.இ. படிச்ச பசங்களே கூப்பிடுவாங்க.

எனக்கு ஒரே பொண்ணு. மோனிஷா. பி.காம் முடிச்சாள். அவள்தான் விளையாடுறவள், நான் இல்லை. துப்பாக்கி ஆட்டம், அஞ்சு பேர் இந்தப் பக்கம், அஞ்சு பேர் அந்தப் பக்கம். ஏதோ பொழுதுபோக்குன்னுதான் நினைச்சேன். அப்புறம் பார்த்தா மெட்ராஸ்ல பொண்ணுங்க மட்டும் சேர்ந்த ஒரு டீம், அதுல ஒரு இடம் காலியாம். அதுக்குத் தேர்வு வைக்கிறாங்களாம். எடுத்துட்டா அங்கேயே தங்குற இடம், சாப்பாடு, மாசாமாசம் சம்பளம் மாதிரி ஒரு தொகை. என்கிட்ட வந்து சொன்னாள். என் வீட்டுக்காரியோட அண்ணன் அந்த நேரம் ஒரு வரன் கொண்டுவந்திருந்தார், திமிரியில மளிகைக் கடை வச்சிருக்கிற பையன். தை மாசம் முடிச்சிடலாம்னு அவசரப்படுத்தினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பொங்கல் வரைக்கும் பொண்ணுக்கு டைம் கொடுங்க, அதுக்குள்ள அவள் டீம்ல சேர்ந்தா கல்யாணப் பேச்சே வேணாம்னேன். எத்தனை அப்பன் சொல்வான் தம்பி? மச்சான் மூஞ்சி போன போக்கை நீங்க பார்த்திருக்கணும். என் பொண்ணுக்காக நின்னேன். அதையெல்லாம் இப்ப யாரும் பேசறதில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். நான் கட்டின பெட்டிதான். ஆட்டம் நடுவுல தடுமாறுதுன்னாள். சுடுறதுக்குள்ள எதிராளி சுட்டுடறான்னாள். இன்னொண்ணும் சொன்னாள், நடுவுல தானா அணைஞ்சு போகுதுன்னு. தீபாவளி போனஸ் வந்திருந்தது. பதினாறாயிரம் ஒதுக்கறேன், எதை மாத்தணும்னு கண்டுபிடிச்சிடலாம்னு சொன்னேன்.

கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆட்டம் ஓடும்போது எந்தச் சாமான் எவ்வளவு உழைக்குதுன்னு ஒரு ஓரத்துல எண் காட்டும். எது நூத்துக்கு நூறுல முட்டிக்கிட்டு நிக்குதோ அதுதான் குத்தவாளி. மத்ததெல்லாம் அது எப்ப வரும்னு காத்துக்கிட்டு சும்மா நிக்கும். காத்திருக்கிறவன் மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, காக்க வைக்கிறவன் யாருன்னு பார்க்கணும். இதை நான் எங்க ஷிப்ட் பசங்களுக்கே பாடம் மாதிரி சொல்லியிருக்கேன்.

காலையில வேலை முடிச்சு வந்து, குளிச்சு, தூங்கறதுக்கு முன்னாடி பத்து மணிக்கு உக்காருவேன். கண்ணு எரியும். ஆனாலும் நாப்பது நிமிஷம் ஆட்டத்தை ஓட்டி, எண்களையெல்லாம் நோட்டுல எழுதினேன். இருபது நாள். கார்டு நூறு. ப்ராசசர் அம்பது. ராம்ல இடம் இருக்கு. இருபது நாள்ல ஒரு தடவைகூட அணையலை. ஒரு தடவைகூட. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அவள் வேற ஒண்ணு எழுதி வச்சிருந்தாள். காலண்டர்ல. எந்தெந்தத் தேதியில அணைஞ்சதுன்னு சின்னச் சின்னதா புள்ளி. ஒரு நாள் காலையில நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது காலண்டரைக் கழட்டிட்டு வந்து தட்டு பக்கத்துல வச்சாள்.

"அப்பா, தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும்தான்பா அணையுது. மத்த நாள் அணையலை. ஏழு மணிக்கு மேல."

எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நகராட்சித் தண்ணி. ராத்திரி ஏழு மணிக்கு விடுவாங்க, எட்டரைக்கு நிறுத்திடுவாங்க. நான் சிரிச்சுட்டேன். குழாய்க்கும் கம்ப்யூட்டருக்கும் என்னடி சம்பந்தம், குழாய் வழியாவா கேம் வருதுன்னு கேட்டேன். அன்னைக்கு ஷிப்ட்ல போய்ச் சொன்னேன், பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. எங்க போர்மேன் ஏகாம்பரம் ஒரு வாரத்துக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம், என்னய்யா உன் பொண்ணு கம்ப்யூட்டருக்குத் தண்ணி வந்துச்சான்னு கேப்பான்.

அவள் சிரிக்கலை. எஸ்எம்பிஎஸ் மாத்தணும்பான்னாள். தெரியும்ல, கரண்டை வாங்கி உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி. எங்களோடது பழைய கேபினட்டோட சேர்ந்து வந்தது. நல்லதா ஒண்ணும், கூட ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் போட்டா போதும், கார்டு அப்புறம் பார்த்துக்கலாம்னாள். இதெல்லாம் எங்கடி படிச்சேன்னேன். அவள் கூட ஆடுற ஒரு பொண்ணு சொல்லிச்சாம், ஓசூர் பக்கம். பாருங்க தம்பி, பெத்தவன் இருபது நாள் தூக்கத்தைக் கெடுத்து எழுதின நோட்டு ஒரு பக்கம், முகம் தெரியாத ஓசூர் பொண்ணு ஒரு பக்கம்.

எஸ்எம்பிஎஸ் போட்டா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. திரையில ஒரு மாத்தமும் வராது. அஞ்சு பைசா பிரயோஜனம் கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு போனஸைக் கொட்டணுமா? கார்டுதான்னு முடிவு பண்ணினேன். மெட்ராஸ் போய் நானே வாங்கிட்டு வந்தேன். புதுசு, சீல் பிரிக்காதது. காலையில மாட்டி, ஓட்டிக் காட்டினேன். சும்மா சொல்லக்கூடாது தம்பி, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஆட்டத்துல புல்லுகூட அசையறது தெரிஞ்சுது. அவளும் பார்த்தாள். நல்லா இருக்குப்பான்னாள். அப்புறம் சமையல்கட்டுக்குப் போயிட்டாள்.

அதுக்கப்புறம் முன்னைவிட அதிகமா அணையுதுன்னு சொல்ல ஆரம்பிச்சாள். முன்னெல்லாம் தண்ணி நாள்ல எப்பவாவது ஒரு தடவை. இப்ப தண்ணி நாள்னா நிச்சயமா அணையுதாம். காலையில நான் ஓட்டிப் பார்த்தேன். மூணு மணி நேரம். கல்லு மாதிரி ஓடுச்சு. எனக்கு வேற மாதிரி சந்தேகம் வந்தது. ஆட்டத்துல தோத்துட்டு பெட்டி மேல பழி போடுறாளோன்னு. அதை அவள் முகத்துக்கு நேரா சொல்லவும் சொல்லிட்டேன்.

தேர்வு மார்கழி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. ஏழரை மணிக்கு ஆரம்பம். காலண்டரைப் பார்த்திருக்கிறாள். தண்ணி நாள்.

அவள் என்ன செஞ்சாள் தெரியுமா? முந்தின நாள் சாயங்காலம், நான் வேலைக்குப் போன பிறகு, எங்க தெருவுல வீடு வீடா ஏறி இறங்கியிருக்கிறாள். நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஏழரையிலேருந்து ஒன்பது வரைக்கும் மோட்டார் போடாதீங்க அக்கா, எனக்கு ஒரு பரீட்சை இருக்குன்னு. குழாயில தண்ணி நூல் மாதிரி வரும் தம்பி, அதனால எல்லா வீட்டுலயும் குழாயோட மோட்டாரை இணைச்சு உறிஞ்சித்தான் எடுப்பாங்க. சட்டப்படி தப்புதான், ஆனா யார் வீட்டுல இல்லை? எங்க தெருவுல முதல்முதலா அப்படிப் போட்டதே நான்தான். அதைப் பார்த்துத்தான் மத்தவங்க. பாதிப் பேருக்கு நானேதான் வயரிங் பண்ணிக் கொடுத்தேன். அதை விடுங்க.

பதினோரு வீட்டுல ஏழு வீட்டுக்காரங்க சரின்னு சொன்னாங்களாம். கடைசி வீட்டு நாகபூஷணம்மா மட்டும் விவரமா கேட்டிருக்கிறாள், என்ன பரீட்சைன்னு. இவளுக்குப் பொய் சொல்ல வராது. கேம்னு சொல்லிட்டாள். அந்தம்மா மறுநாள் காலையில பால் பாக்கெட்டோட வந்த என்னை வழியில நிறுத்தி, என்னங்க, உங்க பொண்ணு பொம்மை சுடறதுக்கு நாங்க தண்ணி இல்லாம கிடக்கணுமான்னு கேட்டாள். சுத்தி நாலு பேர். எனக்கு எப்படி இருந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க. வீட்டுக்கு வந்து கத்திட்டேன். தெருவுல என் மானத்தை வாங்கிட்டியேன்னு. அவள் ஒண்ணே ஒண்ணு கேட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு வீட்ல இருந்து பாருப்பா. ஒரே ஒரு நாள். உன் கண்ணால பாரு."

லீவு போடணுமாம். ஒரு ஆள் வரலைன்னா பகல் ஷிப்ட்காரன் விடிய விடிய நிக்கணும். அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நான் போய்ப் படுத்தேன். எழுந்து, அஞ்சரைக்கு சைக்கிளை எடுத்தேன். அவள் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாள். போயிட்டு வரேன்னு சொன்னேனா இல்லையான்னு ஞாபகம் இல்லை.

மறுநாள் வந்தேன். போயிடுச்சுப்பான்னாள். அவ்வளவுதான். வீட்டுக்காரிதான் சொன்னாள், ரெண்டாவது ஆட்டத்துல ஒரு தடவை, மூணாவதுல ஒரு தடவை அணைஞ்சுதாம். எங்க வீட்டு மோட்டாரை அவள் போடவே இல்லையாம், அடுத்த தண்ணி நாள் வரைக்கும் வீட்டுல தண்ணி இல்லை. நாலு பேர் தவிச்சு நிக்க, இவள் பெட்டி திரும்ப எழுந்து வர்ற வரைக்கும் எவன் காத்திருப்பான்? அந்த இடத்தை வேற பொண்ணுக்குக் கொடுத்துட்டாங்க.

சரி, போனது போகட்டும், தை மாசம் வரட்டும்னு நான் பேசாம இருந்தேன். பத்து நாள் கழிச்சு ஒரு காலையில பெட்டியைப் போடறேன், படம் பழையபடி தெரியுது. கேபினட்டைத் திறந்து பார்த்தா பழைய கார்டு. என் கார்டு இல்லை.

வித்துட்டாள் தம்பி. காட்பாடியில எவனோ ஒருத்தனுக்கு. நான் மெட்ராஸ் போய் வெயில்ல அலைஞ்சு வாங்கினது. டப்பாவைக்கூட விடலை, டப்பாவோட கொடுத்திருக்கிறாள். அந்தக் காசை வச்சு வேலூர்ல ஒரு கேம் சென்டர்ல மூணு மாசத்துக்குக் கட்டிட்டு, தினமும் பஸ் ஏறிப் போய் ஆடியிருக்கிறாள். வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரியும். அண்ணன்கிட்ட அவளே பேசி வரனைத் தட்டிக் கழிச்சிருக்கிறாள். என் வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத்தான் தெரியலை.

ஏன்டி வித்தேன்னு கேட்டேன். எனக்குத்தானே வாங்கினே, எனக்கு உபயோகமா ஆக்கிக்கிட்டேன்பான்னாள். குரலைக்கூட உசத்தலை. அன்னைக்குப் பேச்சை நிறுத்தினேன். வந்து மன்னிப்பு கேட்கட்டும்னு. சித்திரையில அடுத்த தேர்வு, இவளை எடுத்துட்டாங்க. மெட்ராஸ் கிளம்பிட்டாள். கிளம்பும்போது கால்ல விழுந்தாள், நான் தலையைத் தொட்டேன், வாயைத் திறக்கலை. அப்புறம் எவனோ ஒருத்தன் யூடியூப்ல அவளைப் பேட்டி எடுத்தான். யார் யாருக்கு நன்றின்னு கேக்கறான். அம்மாங்கறாள். வேலூர் சென்டர்காரர்ங்கறாள், அந்த ஓசூர் பொண்ணுங்கறாள், எங்க தெருவுல மோட்டார் போடாம இருந்த ஏழு வீட்டுக்காரங்கங்கறாள். தம்பி, அந்த ஏழு பேர்ல நாலு பேர் பேரைக்கூடச் சொன்னாள். நான் அந்த வீடியோவை ஒன்பது தடவை பார்த்திருப்பேன்.

அப்புறம் வீம்புக்கு அதே கார்டை மறுபடி வாங்கினேன். தவணையில. யாருக்கா? யாருக்கும் இல்லை. என் பெட்டி, நான் வாங்கறேன். மாட்டினேன், காலையில ஓட்டினேன், கண்ணாடி மாதிரி ஓடுச்சு. எனக்கு அது போதும்.

போன ஆடியில கால்ல கொப்புளம் வந்து சீழ் வச்சு, ஒரு வாரம் வீட்டுல கிடக்க வேண்டியதாப் போச்சு. சாயங்காலம் என்ன பண்றதுன்னு தெரியலை. பழக்கமே இல்லையே. தெருவுல இவ்வளவு சத்தம் இருக்கும்னே எனக்குத் தெரியாது. பெட்டியைப் போட்டு உக்காந்தேன். ஏழு மணி சுமாருக்கு வெளியே குடம் நகர்த்துற சத்தம். அப்புறம் ஒரு மோட்டார், பக்கத்துல ஒண்ணு, எதிர்த்தாப்புல ஒண்ணு. டியூப்லைட் மங்கிச்சு. மின்விசிறி கிழவன் மாதிரி சுத்த ஆரம்பிச்சுது. டிரான்ஸ்பார்மர் எங்க தெருவுக்கு ரொம்ப தூரம், நாங்க கடைசி, எல்லாரும் மோட்டார் போட்டா எங்களுக்கு வோல்டேஜ் இறங்கிடும். நான் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். படக்குனு அணைஞ்சுது. டியூப்லைட் எரியுது, மின்விசிறி சுத்துது, பெட்டி மட்டும் செத்துப் போச்சு.

வீட்டுக்காரி குடத்தோட உள்ள வந்தாள். என்னைப் பார்த்தாள், கறுப்பா கிடந்த திரையைப் பார்த்தாள். "இன்னிக்குத் தண்ணி நாளு"ன்னு சொல்லிட்டுக் குடத்தை எடுத்துட்டுப் போயிட்டாள்.

அடுத்த வாரம் எஸ்எம்பிஎஸ் மாத்தினேன். நல்லதா ஒண்ணு, பெரிய கார்டு இழுக்கிறதையும் வோல்டேஜ் இறங்கறதையும் தாங்குற மாதிரி. ஒரு சாயங்காலம் ஷிப்டுக்கு ரெண்டு மணி நேரம் லேட்டா வரேன்னு ஏகாம்பரத்துகிட்ட சொல்லிட்டு, தண்ணி நாளாப் பார்த்து உக்காந்து சோதிச்சேன். தெருவே மோட்டார் போட்டுச்சு, என் வீட்டு மோட்டாரையும் நானே போட்டுப் பார்த்தேன். அசையலை. ஓடிக்கிட்டே இருந்துச்சு. வீட்டுக்காரிகிட்ட உள்ள தூசி இருந்துச்சு, தட்டினேன்னு சொன்னேன். ரெண்டு மணி நேரம் லேட்டா போக அவ்வளவு சுலபமா விட்டுட்டானேன்னு வழியெல்லாம் நினைச்சுக்கிட்டுப் போனேன். கேட்ட உடனே சரின்னுட்டான்.

இன்னிக்கு ஏன் மெட்ராஸ்னு கேக்கறீங்களா? வெளிநாட்டுல ஏதோ போட்டியாம், பாஸ்போர்ட் எடுக்கணுமாம். டிகிரி சர்ட்டிபிகேட் வீட்டுல இருந்தது. கூரியர்ல அனுப்ப பயமா இருக்கு, நீயே கொண்டுபோய்க் கொடுன்னு வீட்டுக்காரி கையில திணிச்சாள். எனக்குப் புரியாம இல்லை அவள் எதுக்கு அனுப்பறாள்னு. அவகிட்ட பேசிப் பதினோரு மாசம். பஸ்ல வரும்போது என்ன சொல்லணும்னு தயார் பண்ணிக்கிட்டே வந்தேன். ஒரே வரிதான்.

போரூர்ல ஒரு மாடி வீடு. கீழே டீக்கடை. மேலேருந்து இறங்கி வந்தாள், டீம் பேர் போட்ட சட்டை. இளைச்சிருந்தாள். சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கிட்டாள். டீ சொன்னாள். கால் எப்படி இருக்குன்னு கேட்டாள், ஆறிடுச்சுன்னேன். அம்மா மாத்திரை ஒழுங்காப் போடறாங்களான்னு கேட்டாள். நான் டீயைக் குடிச்சேன். அவள் டம்ளரைக் கையில சுத்திக்கிட்டே இருந்தாள்.

"கம்ப்யூட்டர் எப்படிப்பா ஓடுது?"

"நல்லா ஓடுது."

"தண்ணி நாள்லயும்?"

குத்திக் காட்டற மாதிரி கேக்கலை தம்பி. சாதாரணமாத்தான் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கிட்டு, நான் சொல்லட்டும்னு நின்னாள். அந்த ஒரு வரி நாக்கு நுனியில இருந்தது.

"அந்த நேரத்துல நான் வீட்ல எங்கேம்மா இருக்கேன்?"னேன்.

தலையை ஆட்டினாள். பிராக்டிஸ் இருக்குப்பா, பார்த்துப் போன்னு சொல்லிட்டு மேலே ஏறிட்டாள். டீக்குக் காசு எடுத்தேன், அவங்க கணக்குல எழுதிக்கறேன்னு கடைக்காரன் வாங்க மாட்டேன்னுட்டான்.

நான் சொன்னதுல பொய் இருக்கா? சொல்லுங்க தம்பி. பத்தொன்பது வருஷம். ஏழு மணிக்கு நான் வீட்டுல இருந்தது எத்தனை நாள், விரல் விட்டு எண்ணிடலாம். எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.